உறக்கத்தின் உரிமை: நெய்வேலியின் இரவுப் பணியும் உடலின் கடிகாரமும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானுக்கு நான் நின்றிருந்தேன். மூன்றாம் ஸஃப்பில் தூணில் சாய்ந்து ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். உலகக் காரியங்களில் விழித்திருப்பவர்கள் இறையில்லத்தில் மட்டும் உறங்கிவிடுகிறார்களே என்று, அவர் பக்கம் திரும்பாமலே, எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் அவரைத் தட்டி எழுப்பினார். அவர் தலைகுனிந்து அமர்ந்துகொண்டார். மறுநாள் மாலை மதரஸாவுக்கு வந்த அவருடைய மகன் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "உஸ்தாத், அத்தா நைட் ஷிப்டு முடிச்சு வந்து காலையிலதான் படுத்தாங்க. ஜும்ஆ தவறிடக் கூடாதுன்னு பாதித் தூக்கத்துல எழுந்து வந்தாங்க."

அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையுடன் சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பினார். ஆயினும் அந்தச் சிறுவனின் சொல் என்னை விடவில்லை. இரவில் விழித்துப் பகலில் உறங்கும் மனிதருடைய உடலில் நிகழ்வது என்ன? அதைப் பற்றி அறிஞர்கள் கண்டறிந்தவை யாவை? நம் முன்னோர் இதை எவ்வாறு நோக்கினர்? அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

உறங்காத ஊர்

நெய்வேலியின் கதை நீரில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, பீறிட்டெழுந்த நீரோடு பழுப்பு நிறப் பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. தென்னார்க்காட்டின் வறண்ட சிற்றூர்கள் இருந்த இடத்தில், வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட நகரியம் ஒன்று எழுந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களுள் நம் சமுதாயத்தினரும் இருந்தனர்.

இந்த ஊருக்கு இரவில் உறங்கும் வசதி இல்லை. அதற்கும் நீரே காரணம். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே சுரங்கம் வெட்ட இயலும். இறைப்பது நின்றால் நீர் கீழிருந்து மேல்நோக்கி அழுத்திச் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பெயர்த்துவிடும். எனவே இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. அனல்மின் நிலையத்தின் கொதிகலனையும் நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட இயலாது. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் இரவில் விளக்கு எரியவும் மின்விசிறி சுழலவும் இங்கே சிலர் விழித்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, இரவு ஷிப்டு என்று நம் ஊரின் குடும்பங்கள் நாட்களை எண்ணி வருகின்றன.

இருட்டறையில் ஒரு செடி

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்னும் எண்ணம் ஒரு செடியிலிருந்து பிறந்தது. 1729இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெ மேரான், தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். பகலில் விரிந்து இரவில் கூம்பும் அதன் இலைகள், கதிரவனைக் காணாத நிலையிலும் வேளை தவறாமல் விரிந்தன, கூம்பின. ஒளி இல்லாதபோதும் நேரத்தை அறியும் ஏதோ ஒன்று உயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கான முதற்சான்று அது.

மனிதரிடம் இதைச் சோதிக்க அறிஞர்கள் குகைகளுக்குள் புகுந்தனர். 1938இல் நதானியேல் க்ளெய்ட்மன் தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகையில் 32 நாட்கள் தங்கி, 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழ முயன்றார். 1962இல், நெய்வேலியில் மின்சாரம் பிறந்த அதே ஆண்டில், மிஷேல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையின் நிலத்தடிக் குகை ஒன்றில் கடிகாரமின்றி இரண்டு மாதங்கள் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அவர் தம் கணக்கில் ஆகஸ்ட் 20இல்தான் இருந்தார். மனம் இருபத்தைந்து நாட்களைத் தொலைத்துவிட்டது. உடலோ ஏறத்தாழ ஒரு நாள் அளவிலேயே உறங்கி எழுந்து வந்திருந்தது. எண்ணிக்கை தவறியது மனத்துக்கே.

பின்னர் ஆய்வு உயிரணுவுக்குள் சென்றது. பழ ஈயின் உடலில் இந்தத் தாளத்தை நடத்தும் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்து, அது இயங்கும் முறையைத் தொடர்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள தலைமைக் கடிகாரம் கண்வழி வரும் ஒளியைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஈரல், தசை, கொழுப்பு, கணையம் என ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. எப்போது இன்சுலின் சுரக்க வேண்டும், எப்போது சர்க்கரையைச் சேமிக்க வேண்டும், எப்போது சிதைந்ததைப் பழுது பார்க்க வேண்டும் என்பவை இக்கடிகாரங்களின் ஒத்துழைப்பால் நடைபெறுகின்றன.

மதுரைக் குகையின் பாடம்

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறப்பான இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். ஜெர்மனியில் இத்துறையில் ஆய்வு செய்துவிட்டுத் தாயகம் திரும்பிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் உயிர்க்காலவியலை வளர்த்தார். அவரும் மாரிமுத்து முதலான அவருடைய மாணவர்களும் மதுரைக்கு அருகில் இருந்த குகை ஒன்றில் வௌவால்களை ஆராய்ந்தனர். குகையின் உட்பகுதியில் பகலென்றும் இரவென்றும் வேறுபாடு இல்லை. அந்த இருளில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், தன்னைச் சுற்றிக் கூட்டமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே பறந்து விடியலில் திரும்பும் ஓசையையும் நடமாட்டத்தையும் கொண்டே தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டமே இல்லாத குகையில் தனியே வைக்கப்பட்ட வௌவாலின் தாளமோ உலகின் நேரத்தை விட்டு மெல்ல மெல்ல விலகிச் சென்றது.

இதே பல்கலைக்கழகத்தில், வெளியுலக ஒளியோ ஒலியோ கடிகாரமோ எட்டாத தனியறை ஒன்றும் அமைக்கப்பட்டது. தாமாக முன்வந்த ஆண்களும் பெண்களும் அதில் நாட்கணக்கில் தங்கி, விரும்பியபோது உறங்கி, விரும்பியபோது எழுந்தனர். சிலருக்கு உறக்கமும் விழிப்பும் ஒரு கணக்கிலும், உடல் வெப்பம் வேறொரு கணக்கிலும் ஓடின. ஓர் உடலுக்குள்ளேயே இரண்டு நேரங்கள் இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறவரின் நிலை இதுவே. அவருடைய கண்ணும் கையும் இரவில் பணியாற்றுகின்றன. அவருடைய ஈரலும் கணையமும் அது உறங்கும் நேரம் என்றே கருதுகின்றன. வீடு திரும்பும் வழியில் காலை வெயில் கண்ணில் பட்டு, இப்போது விழித்திரு என்று மூளைக்கு ஆணையிடுகிறது. அவர் படுக்கையில் புரள்வதற்குக் காரணம் மனவலிமைக் குறைவன்று.

சர்க்கரையும் அழற்சியும் தசையும்

உறக்கம் குறைந்தால் மறுநாள் சோர்வு மட்டுமே உண்டாகும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் கவுட்டர் குழுவினர், நலமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தனர். அந்தச் சில நாட்களிலேயே, உண்ட சர்க்கரையைக் கையாளும் அவர்களது உடலின் ஆற்றல் தெளிவாகக் குறைந்தது. 2009இல் ஹார்வர்டு ஆய்வாளர் ஃபிராங்க் ஷீரின் குழு, பத்துப் பேரின் உணவையும் உறக்கத்தையும் உடற்கடிகாரத்துக்கு மாறாகத் தள்ளிவைத்துப் பார்த்தது. இரத்தச் சர்க்கரை உயர்ந்தது. இரத்த அழுத்தம் கூடியது. போதும் என்று பசியை அடக்கும் லெப்டின் என்னும் சுரப்பு குறைந்தது. முன்பு நோயில்லாத சிலருடைய சர்க்கரை, நீரிழிவுக்கு முந்திய நிலையை எட்டியது.

அடுத்தது அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதைக் கண்டிருக்கிறோம். அது உடலின் பாதுகாப்புப் படை செய்யும் பணி. அப்படை தன் பணி முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் உடல் முழுவதும் சிறு நெருப்பாகக் கனன்றுகொண்டிருந்தால் அதுவே நோயாகிறது. 1993இல் துருக்கியில் பிறந்த ஆய்வாளர் கோகான் ஹோத்தாமிஷ்லிகிலும் அவருடன் இருந்தவர்களும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்தே அழற்சியைத் தூண்டும் பொருள் வெளிப்பட்டு இன்சுலினின் வேலையைக் கெடுப்பதைக் கண்டனர். சர்க்கரை நோயும் அழற்சியும் உறவினர் என்பது அப்போது விளங்கியது. 2004இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், எட்டு மணி நேர உறக்கத்தை ஒரு வாரம் ஆறு மணியாகக் குறைத்தவர்களின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் உயர்ந்திருந்தன. இரண்டு மணி நேர உறக்கத்தை நாம் எவ்வளவு எளிதாக இழக்கிறோம்!

மூன்றாவது தசை. தசையைப் பலரும் வலிமைக்கும் அழகுக்கும் உரியதாகவே நினைக்கின்றனர். உணவு உண்டபின் இன்சுலினின் ஏவலால் இரத்தத்திலிருந்து சர்க்கரையைப் பெருமளவில் வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியமும் அதுவே. களஞ்சியம் சுருங்கினால் தானியம் தெருவில் கிடக்கும். 2010இல் வெளியான சிகாகோ ஆய்வில், பத்துப் பேர் ஒரே அளவு குறைவான உணவை உண்டு இரண்டு வாரங்கள் உடல் எடையைக் குறைத்தனர். எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்த காலத்தோடு ஒப்பிட, ஐந்தரை மணி நேரம் மட்டும் இருந்த காலத்தில் கொழுப்பின் இழப்பு 55 விழுக்காடு குறைந்தது. தசை முதலான கொழுப்பற்ற பகுதியின் இழப்பு 60 விழுக்காடு கூடியது. உணவைக் குறைத்தவரின் உழைப்பு, உறக்கம் இன்மையால் தவறான கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 13 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தாலே தசை தன்னைப் புதுப்பிக்கும் வேகம் 18 விழுக்காடு குறைந்தது.

இவை சிறிய ஆய்வுகள். பெரும்பாலும் இளைஞரிடம் சில நாட்கள் நடந்தவை. இவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் வரப்போவதை முன்னுரைக்க முடியாது. ஆயினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு வழிகளில் தேடியவர்கள் ஒரே திசையைச் சுட்டுகிறார்கள். உறக்கமும் சர்க்கரையும் அழற்சியும் தசையும் ஒரே கணக்கேட்டின் நான்கு பக்கங்கள்.

நம் மண்ணின் கணக்கு

இந்தச் செய்தி தமிழர்க்கு ஏன் கூடுதலாக உரியது? சர்க்கரை நோய்க்கான தனிப் பிரிவை 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கினார். அவ்வளவு முன்பே அதன் தேவை உணரப்பட்டது. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேய நண்பரும் மருத்துவருமான யுட்கினுடன் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே. ஆனால் உடலில் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்திருக்கும் நம்மவர் உடலில் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. களஞ்சியம் தொடக்கத்திலேயே சிறியது.

2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நோயுடையோர்.

நம்பிக்கை தரும் செய்தியும் இங்கிருந்தே வந்தது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவைச் சீர்செய்து நடைப்பயிற்சியைப் பழக்கமாக்கியவர்களிடம், அவ்வாறு செய்யாதவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை உட்கொண்டோர் பெற்ற பயனும் ஏறத்தாழ அதே அளவே.

முன்னோரின் பட்டியல்

இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவர்கள் இந்தக் கருவிகள் எவற்றையும் கண்டவர்கள் அல்லர். எனினும் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலம் முதல் இப்னு ஸீனா காலம் வரை, உடல் நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணங்களை அவர்கள் வரிசைப்படுத்தினர். காற்று, உணவும் பானமும், உடலின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், உடல் தக்கவைப்பதும் வெளியேற்றுவதும், மனத்தின் நிலைகள். யூனானி மருத்துவம் இன்றும் இப்பட்டியலைப் பயில்கிறது. இதில் உறக்கம் உணவுக்குச் சமமான வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எஞ்சிய நேரத்தில் எடுத்துக்கொள்ளும் ஒன்றாக அவர்கள் அதைக் கருதவில்லை.

திருமறையின் நபஃ அத்தியாயம் உறக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலை வாழ்வாதாரத்துக்கு உரியதாகவும் நினைவூட்டுகிறது. இன்றைய ஆய்வைக் கொண்டு இறைவசனத்தை மெய்ப்பிப்பது என் நோக்கமன்று. அதற்கு அந்தத் தேவை இல்லை. அருட்கொடையாக அறிவிக்கப்பட்ட ஒன்றை நாம் எவ்வளவு இலேசாகக் கருதிவிட்டோம் என்பதே என் கவலை. ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிய நிகழ்ச்சி புகாரீ நூலில் இடம்பெறுகிறது. இரவு முழுவதும் வணங்க எழுந்த தோழரை ஸல்மான் உறங்கச் செய்தார்கள். இரவின் இறுதிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்கு வழங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், வீண் பேச்சுக்காகவும் கைப்பேசிக்காகவும் பறிப்பதற்கு நமக்கு என்ன நியாயம்?

வீட்டாரும் ஜமாஅத்தும்

மதுரைக் குகையின் வௌவாலுக்கு மீண்டும் வருகிறேன். அது தன் நேரத்தைத் தன் கூட்டத்திடமிருந்து பெற்றது. நாமும் ஒருவருக்கொருவர் நேரம் அறிவிப்பவர்களே. ஐவேளைத் தொழுகையின் ஒழுங்கு நம் ஊருக்கு அத்தகைய தாளத்தைத் தருகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நம் திருமண விருந்துகளோ நள்ளிரவைத் தொடுகின்றன. பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி உண்டு, மறுநாள் காலை மதரஸாவில் என் முன்னே கண் சொக்குகின்றனர்.

பிழைப்புக்காக இரவைக் கொடுத்தவருக்கு இந்த அறிவுரை போதாது. அவர் இரவைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹலாலான உணவுக்காகக் கண்விழிக்கும் அவருடைய பகல் உறக்கம் ஓர் அமானிதம்; அதைக் காப்பது நம் அனைவரின் கடமை. அவர் வந்து படுக்கும் அறையில் தடித்த திரையிட்டு இருளாக்குங்கள். அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் அடக்குங்கள். அவசரமற்ற செய்திக்காக அவரை எழுப்பாதீர்கள். 2021இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 19 பேரிடம் இரவுப்பணியைப் போன்ற நிலையை உண்டாக்கிப் பார்த்தபோது, இரவில் உண்டவர்களின் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. எனவே முதன்மை உணவைப் பணிக்குச் செல்லுமுன்பே கொடுத்து அனுப்புவது நல்லது.

ரமளான் மாதம் இதற்கு நேர்மாறானது. சர்க்கரை நோயுடைய ஷிப்டுத் தொழிலாளர், நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிய வேண்டும். நோன்பு நோற்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு இறைவன் வழங்கிய சலுகையை வெட்கமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். உடலைப் பேணும் நடையையும், படியேறுதல், சிறு சுமை தூக்குதல் போன்று தசையைக் காக்கும் பயிற்சியையும் முதுமை வருமுன்பே பழகுவோம். நாற்பதைக் கடந்த நானும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

பள்ளிவாசலில் யாரேனும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தால், அவர் எங்கிருந்து வருகிறார் என்று இப்போது முதலில் எண்ணிப் பார்க்கிறேன். அன்று என்னைச் சிரித்து மன்னித்த அந்தச் சகோதரர் ஓய்வுபெற்றுவிட்டார். ஃபஜ்ர் ஜமாஅத்தில் முதல் ஸஃப்பில் அவரைக் காண்கிறேன். இன்று இரவு நம் வீடுகளில் விளக்கு எரியச் சுரங்கத்தில் விழித்திருப்பவர்களுக்கு அவர் துஆ செய்கிறார். நாமும் செய்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், ஒருவர் உறக்கத்தை மற்றவர் காக்கும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.